எண் அதேதான், ஓடிபிதான் வரவில்லை: போர்ட் செய்த பின் என் அனுபவம்

நண்பர் ஒருவர் கேட்டார்: "நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு கம்பெனியை மட்டும் மாற்றலாமா? ஏதாவது சிக்கல் வருமா?" இரண்டு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. இப்படி எண்ணை மாற்றாமல் செல்பேசி கம்பெனியை மாற்றுவதைத்தான் 'போர்ட்' என்கிறார்கள். நான் போர்ட் செய்து பல மாதங்கள் ஆகின்றன. அதற்கான போர்ட் கோட் வாங்குவது, புதிய சிம் எடுப்பது எல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். அதற்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மாற்றம் நடந்த இரவு பழைய சிம்மில் சிக்னல் போனது. கொஞ்ச நேரம் இரண்டு சிம்மிலும் ஒன்றுமில்லை. பிறகு புதியதில் வந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலை முதல் அழைப்பு அம்மாவிடமிருந்து. நான் கம்பெனி மாறியது அவருக்கு இன்று வரை தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை. வாட்ஸ்அப் தானாகவே ஓடியது. வீட்டுக்குள் பேசும்போது குரல் விட்டு விட்டுக் கேட்ட தொல்லை போயே போய்விட்டது.

இது சின்ன விஷயமில்லை. முன்பெல்லாம் சேவை எவ்வளவு மோசமாக இருந்தாலும், எண் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதே கம்பெனியில் இருந்தோம். சிங்கப்பூரில் 1997இலேயே இந்த வசதி வந்துவிட்டது. அமெரிக்காவில் செல்பேசிகளுக்கு 2003 நவம்பரில் வந்தது. இந்தியாவில் 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. வாடிக்கையாளருக்குக் கிடைத்த உரிமைகளில் இதைப் போல நேரடியாகக் கைக்கு வந்தது குறைவு என்றே நினைக்கிறேன். கோட் கேட்டதும் பழைய கம்பெனியிலிருந்து சலுகை தருகிறோம் என்று அடுத்தடுத்து அழைத்தார்கள். இத்தனை நாள் எங்கே இருந்தது அந்தச் சலுகை?

சரி, இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன்.

ஓடிபி வரவில்லை. மனிதர்கள் அனுப்பும் எஸ்எம்எஸ் வருகிறது, அழைப்பு வருகிறது, வங்கி அனுப்பும் ஆறு இலக்கம் மட்டும் வருவதில்லை. திரையில் நொடிகள் குறைந்துகொண்டே போகும். சாம்பல் நிறத்தில் கிடக்கும் 'மீண்டும் அனுப்பு' பொத்தான் உயிர் பெறும், அழுத்துவேன், நொடிகள் மறுபடி முதலிலிருந்து ஓடும். அந்த நேரம் பார்த்து யாராவது அழைப்பார்கள், அழைப்பு துல்லியமாக வரும். மூன்றாம் தடவை அழுத்தினால் 'பிறகு முயற்சி செய்யவும்' என்று கணக்கையே பூட்டிவிடுகிறது வங்கியின் ஆப்.

வங்கியின் கஸ்டமர் கேரில் "எங்கள் பக்கம் அனுப்பியாகிவிட்டது" என்றார்கள். புதிய கம்பெனியில் "எங்களுக்கு வரவே இல்லை" என்றார்கள். இருவர் மேலும் கோபம் வந்தது. பிறகு விவரம் படித்தபோதுதான் இருவர் சொன்னதுமே உண்மையாக இருக்க முடியும் என்று புரிந்தது.

ஒரு காலத்தில் எண்ணின் முதல் சில இலக்கங்களை வைத்தே அது எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடலாம். போர்ட் வந்த பிறகு அது செல்லாது. பல நாடுகளில், எந்த எண் இப்போது எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. அழைக்கும் கம்பெனி அதைப் பார்த்துவிட்டுத்தான் அழைப்பை அனுப்பும். பிரிட்டனில் வேறு வழி: அழைப்பு முதலில் பழைய கம்பெனிக்குப் போய், அங்கிருந்து புதியதற்குத் திருப்பி விடப்படும். பழைய வீட்டுக்காரர் நம் கடிதத்தை வாங்கிப் புது வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற மாதிரி.

வங்கியின் ஓடிபி பெரும்பாலும் நேராக நம் கம்பெனிக்கு வருவதில்லை. நடுவில் மொத்த எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன, சில சமயம் ஒன்றுக்கு மேல். அவற்றில் ஏதாவது ஒன்று பதிவேட்டின் பழைய நகலை வைத்துக்கொண்டிருந்தால் போதும், செய்தி நான் விட்டுவந்த கம்பெனியின் வாசலுக்குப் போய் நின்றுவிடும். வங்கியின் கணக்கில் அது அனுப்பப்பட்ட செய்தி, என் போனில் வராத செய்தி. நடுவில் இருப்பவர் யார் என்று எனக்குத் தெரியாது, அவரிடம் புகார் சொல்ல எனக்கு ஒரு எண்ணும் கிடையாது. என்னைக் கொதிக்க வைப்பது இதுதான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். சில தடைகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. நம் எண்ணை வேறொருவர் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டால் வங்கிக் கணக்கே அவர் கைக்குப் போய்விடும். அதனால் சிம் மாறியது தெரிந்தால் சில வங்கிகள் கொஞ்ச காலம் பணப் பரிமாற்றத்தை நிறுத்தி வைக்கின்றன. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல், அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கி ஏழு நாட்கள் ஆகாமல் போர்ட் கோட் தரக் கூடாது என்று விதியே வந்துவிட்டது. அந்தக் காத்திருப்பில் எனக்கு வருத்தமில்லை. 'நிறுத்தி வைத்திருக்கிறோம்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்தினால் நானும் நிம்மதியாக இருப்பேன்.

சில வாரங்களில் பெரும்பாலான ஓடிபிகள் சரியாகிவிட்டன. ஒரு வங்கியும் ஒரு டிக்கெட் ஆப்பும் மட்டும் இன்றுவரை தொல்லை தருகின்றன. சில நாள் உடனே வரும், சில நாள் வரவே வராது. எப்போது வரும் என்று தெரியாததால், அவசரத்துக்கு அந்த வங்கிக் கணக்கை நம்ப முடியவில்லை.

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். போர்ட் முடியும் வரை பழைய இணைப்பை நீங்களாக ரத்து செய்யாதீர்கள், எண் போய்விடும். ப்ரீபெய்டில் மிச்சமிருக்கும் பணம் கூடவே வராது. போஸ்ட்பெய்டில் பாக்கி இருந்தால் விட மாட்டார்கள். எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே ஓடிபி போன்ற எண்ணைக் காட்டும் ஆப்களை எங்கெல்லாம் இணைக்க முடியுமோ அங்கெல்லாம் முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். அதே கம்பெனியில் வேறு பிளானுக்குப் போவதாக இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது, தாராளமாக மாறுங்கள்.

அந்த உரிமையை நான் மதிக்கிறேன், புதிய கம்பெனியின் சிக்னலிலும் குறை இல்லை. ஆனாலும் வங்கியோடு கட்டிப்போட்ட இந்த எண்ணை இனி நான் நகர்த்த மாட்டேன். நாளைக்கு இந்தக் கம்பெனியும் மோசமானால், இன்னொரு சிம் வாங்கி டேட்டாவுக்கும் பேச்சுக்கும் வைத்துக்கொள்வேன். இந்த எண் ஓடிபிக்காக இங்கேயே கிடக்கட்டும்.