திண்ணை வைத்த அலுவலகம்

மதுரை கே.கே. நகரில் பழைய வீடொன்றைப் புதுப்பித்து, மேசைகளை நாள் வாடகைக்கும் மாத வாடகைக்கும் விடும் பகிர்வு அலுவலகம் ஒன்றில் மூன்று மாதங்களாக வேலை பார்த்து வருகிறேன். நான் வரி ஆலோசகன். வீட்டிலேயே மேசையும் இணைய வசதியும் இருக்க, ஒத்தக்கடையிலிருந்து வெயிலில் வண்டியோட்டி இங்கே வருவதற்கு முதற்காரணம் அதன் வாசல்.

பதிவேட்டை நீட்டும் காவலாளி இல்லை. இருபுறமும் திண்ணையும், ஓரத்தில் மண்பானைத் தண்ணீரும் இருக்கின்றன. முன்பு நான் இருந்த கட்டடத்தில், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று கண்ணாடிக் கதவருகே தயங்கி நின்ற கீழமாசி வீதி மளிகை வியாபாரி ஒருவர், இங்கே திண்ணையில் அமர்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, உள்ளே வருவதற்கு முன்பே மஞ்சள் பையிலிருந்து பில்களை எடுத்துவைத்துக் கணக்கைப் பேசத் தொடங்கிவிடுகிறார். நான்கு மணிக்குச் சுக்குமல்லிக் காபி கொண்டுவரும் அம்மா, அவருக்குச் சர்க்கரை கூடாது என்பதை இரண்டாம் முறையே நினைவில் வைத்திருந்தார்.

கூடத்தில் ஆத்தங்குடி ஓடுகள் பதித்த தரை. சூளையில் சுடாமல், கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி வார்ப்பதால் வரும் அந்தப் பளபளப்பும் காலுக்குக் கிடைக்கும் குளிர்ச்சியும் அருமைதான். ஆனால் அந்தத் தரையும் வெறுஞ்சுவர்களும் சேர்ந்து, ஒருவர் தொலைபேசியில் பேசுவதைக் கூடம் முழுவதும் கேட்க வைக்கின்றன. அழகுக்காகத் தொங்கவிட்டிருக்கும் சுங்குடித் துணி ஒலியை அடக்காது. பவானி ஜமக்காளம் போன்ற தடித்த நெசவு நான்கைந்தை விரித்திருந்தால் ஓரளவு அடங்கியிருக்கும்.

விளக்குகளிலும் இதே பிழைதான். விடுதி வரவேற்பறைக்கு ஏற்ற 2700 கெல்வின் மஞ்சள் ஒளியை, அதுவும் மங்கலாக, மேசைகளின் மேலும் போட்டிருக்கிறார்கள். எழுத்து வேலைக்குச் சுமார் 500 லக்ஸ் வெளிச்சம் தேவை. வெளிறிப்போன வெப்பத்தாள் ரசீதில் 3 எது, 8 எது என்று தெரியாமல் கைபேசி விளக்கை அடித்துப் பார்க்கிறேன். மேசையை விட்டுச் சோபாவுக்குப் போகலாம் என்றால், அதன் முன்னுள்ள தேநீர் மேசை முழங்கால் உயரம்கூட இல்லை. அரை மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்கிறது.

அடுத்த மாதத்திற்கும் பணம் கட்டிவிட்டேன். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்வதற்கான 20-ஆம் தேதி நெருங்கும் நாட்களில் மட்டும், வந்தவர்களைத் திண்ணையிலேயே பார்த்துப் பேசிவிட்டு, கணக்குப் போடுவதற்கு வீட்டு மேசைக்குத் திரும்பிவிடுகிறேன்.