ஏடி8232 ஈசிஜி போர்டு: 250 ஹெர்ட்ஸ் போதும், ஆனால் அது நிஜமான 250 ஆக இருக்க வேண்டும்

நாடித்துடிப்பை எண்ணவும் சிக்னல் பாடம் படிக்கவும் ஸ்பார்க்ஃபன் நிறுவனத்தின் இந்தச் சின்ன சிவப்பு போர்டைத் தயங்காமல் வாங்கலாம். இதிலுள்ள அனலாக் டிவைசஸ் சிப், இதயத்தின் ஒரு மில்லிவோல்ட் சிக்னலை சுமார் 1100 மடங்கு பெருக்குகிறது. சுற்றியுள்ள ஃபில்டர் 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விடுகிறது.

அந்த 40-ஐப் பார்த்துவிட்டுத்தான் சாம்பிளிங் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை முறை சிக்னலை அளப்பது என்பதை, முடிவு செய்ய வேண்டும். போர்டு வடிகட்டி எறிந்ததை, நொடிக்கு 1000 சாம்பிள் எடுத்தாலும் மீட்க முடியாது. 'உச்ச அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு, அதாவது 80 போதும்' என்பதும் தவறு. ஃபில்டரின் சரிவு மெதுவானது. 100 ஹெர்ட்ஸ் இரைச்சலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காக உள்ளே வரும்; 80 சாம்பிளில் அது போலி அலையாக இதய சிக்னலுக்குள் கலந்துவிடும். 250 வைத்தால் அதற்கு இடம் இருக்கிறது, ஒவ்வொரு துடிப்பிலும் உயர்ந்து எழும் ஆர் முனையின் நேரமும் 4 மில்லிசெகண்ட் துல்லியத்தில் கிடைக்கிறது.

பெரிய குறை போர்டில் இல்லை, உடன் தரும் மாதிரி நிரலில் இருக்கிறது. கணினிக்கு எண்களை அனுப்பும் சீரியல் வேகம் நொடிக்கு 9600 பிட் என்றால் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். மூன்று இலக்க எண்ணும் வரி முடிவும் சேர்ந்து 5 எழுத்து. ஆக 192 சாம்பிள். மதிப்பு இரண்டு இலக்கமாக இறங்கினால் 240. அலையின் உயரத்தைப் பொறுத்து வேகமே மாறுகிறது! இந்தத் தரவில் துடிப்பு இடைவெளியைக் கணக்கிட்டால் வருவது இதயத்தின் மாறுபாடு மட்டுமல்ல, சீரியல் வரிசையின் தடுமாற்றமும்தான்.

சிக்னலைப் படிப்பது ஆர்டுயினோ ஊனோ என்றால் சரிசெய்வது எளிது. சீரியலை 115200 ஆக்குங்கள். அதன் உள் எண்ணியான டைமர்1-ஐ 64 பிரிப்பானுடன் சிடிசி முறையில் (குறித்த எண்ணை எட்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பும் முறை) வைத்து, அந்த எண்ணான ஓசிஆர்1ஏ மதிப்பை 999 ஆக்கினால் சரியாக 250 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் டைமர் எழுப்பும் இன்டரப்டுக்குள் (நிரலை இடைமறித்து ஓடும் சிறு பகுதி) 'நேரமாயிற்று' என்ற கொடி மட்டும் ஏற்றுங்கள். படிப்பதும் அச்சிடுவதும் வெளியே நடக்கட்டும். ஒரு நிமிடத்தில் 15,000 வரி வந்தால் வேகம் சரி.

250-க்கு இன்னொரு லாபம்: நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றுக்கு மிகச் சரியாக 5 சாம்பிள். ஐந்தைந்தாகச் சராசரி எடுத்தாலே கரண்ட் இரைச்சல் அடங்கிவிடும். ஆர் முனை கொஞ்சம் மழுங்கும், எண்ணுவதற்குப் பாதகமில்லை.

ஊனோ அளவிடும் உச்ச வோல்ட்டைத் தீர்மானிக்கும் ஏரெஃப் பின்னை 3.3 வோல்ட்டில் இணைத்து, படிக்கும் முன்பே நிரலில் எக்ஸ்டர்னல் என்று குறிப்பிடுங்கள். வோல்ட்டை எண்ணாக மாற்றும் ஏடிசியின் ஒரு படி 4.9-இலிருந்து 3.2 மில்லிவோல்ட்டுக்குக் குறையும். உடலில் ஒயர் ஒட்டியிருக்கும்போது லேப்டாப்பைச் சார்ஜரில் போடவே கூடாது.

தசை சிக்னலுக்கு இதை வாங்காதீர்கள். அதன் ஆற்றல் 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது. அதற்கேற்ற பெருக்கியும் குறைந்தது 1000 சாம்பிளும் வேண்டும். ஈசிஜி அலையில் ஆர் முனைக்குப் பின் வரும் எஸ்டி பகுதியைப் பார்த்து மாரடைப்பு இருக்கிறதா என்று ஊகிக்கவும் கூடாது: 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஃபில்டர் வெட்டுவது அந்தப் பகுதியின் வடிவத்தையே மாற்றிவிடும்.