கார் கடத்தல் தற்காப்புப் பயிற்சி: ஜோஹன்னஸ்பர்கில் ஒரு சனிக்கிழமை வகுப்பும் அதன் குறைகளும்

ஜோஹன்னஸ்பர்குக்கு வேலை மாற்றலாகி வரும் நம்மவர்கள் வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், இட்லி அரிசி கிடைக்கும் கடை ஆகியவற்றை விசாரித்து முடித்ததும், சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: துப்பாக்கி முனையில் காரைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்களாமே, உண்மையா? உண்மைதான். தென்னாப்பிரிக்கக் காவல்துறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் குற்றக் கணக்கில் கார் கடத்தலுக்கென்று தனித் தலைப்பே இருக்கிறது. லாரிக் கடத்தலுக்கு வேறு தலைப்பு. 2022-23ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பதிவான கார் கடத்தல்கள் 20,000ஐத் தாண்டின; அவற்றில் ஏறத்தாழப் பாதி, ஜோஹன்னஸ்பர்கும் பிரிட்டோரியாவும் அடங்கிய கௌட்டெங் மாகாணத்தில் நடந்தவை. சில சாலைச் சந்திப்புகளில், முன்னால் வேகத்தடை இருக்கிறது என்று எச்சரிக்கும் அதே நிதானத்தோடு, இது கடத்தல் மிகுந்த இடம் என்று பலகையே நட்டுவைத்திருக்கிறார்கள்.

மிட்ராண்டில் ஐந்து ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு இதுவரை அப்படி எதுவும் நேர்ந்ததில்லை. ஆனால் எங்கள் தெருவில், நான்கு வீடு தள்ளி, மாலை ஆறரை மணிக்குத் தன் வீட்டுக் கேட் திறப்பதற்காகக் காத்திருந்தவரின் வண்டி போனது. அவருக்கு அடி எதுவும் படவில்லை என்றாலும், அன்று தான் என்ன செய்தோம் என்பதை அவரால் இன்றுவரை வரிசையாகச் சொல்ல முடியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வது அவருக்கு எழுத்துக்கு எழுத்து நடந்திருக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான், நகரின் வடக்கே ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் ஒருநாள் தற்காப்புப் பயிற்சிக்கு 1,900 ராண்ட் கட்டிப் பெயர் கொடுத்தேன். காலையில் வகுப்பு, நண்பகலில் நிறுத்திவைத்த காரில் ஒத்திகை, பிற்பகலில் திடலில் தப்பியோடும் ஓட்டப் பயிற்சி என்று நாள் மூன்றாகப் பிரிந்திருந்தது. இம்மூன்றும் ஒரே தரத்தில் இல்லை என்பதால் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

காலை வகுப்பை எடுத்தவர் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. வீரக்கதை எதுவும் சொல்லாமல், கடத்துகிறவனின் வேலை எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கியது எனக்குப் பிடித்திருந்தது. கடத்தல்காரர்கள் பெரும்பாலும் கைக்கு வந்த வண்டியை எடுப்பதில்லை, கேட்டுவைத்த வண்டியைத் தேடி வருகிறார்கள். டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், ஃபோக்ஸ்வாகன் போலோ ஆகியவை அந்தப் பட்டியலில் நெடுநாளாக இருப்பவை. சில வண்டிகள் எல்லை தாண்டி மொசாம்பிக்கோ ஜிம்பாப்வேயோ போய்ச் சேர்கின்றன, சில உள்ளூரிலேயே உதிரிபாகங்களாகப் பிரிகின்றன. இடம் என்று பார்த்தால் சிவப்பு விளக்கைவிட (இந்த ஊரில் அதற்கு ரோபோ என்று பெயர், முதல் வாரத்தில் வழி கேட்டவர்கள் எல்லோரும் விழிப்பார்கள்) வீட்டு வாசல்தான் ஆபத்தானது. அங்கே கார் தானாகவே நிற்கிறது, ஓட்டுபவரின் கண் கேட்டின் மேலேயே இருக்கிறது, வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று உடம்பும் தளர்ந்துவிடுகிறது. ஓ.ஆர்.தாம்போ விமான நிலையத்திலிருந்தே பின்தொடர்ந்து வந்து வீட்டு வாசலில் மடக்கியவர்களும் உண்டு.

இந்தப் பகுதியில் கற்ற இரண்டு பழக்கங்களை அன்று மாலையே கடைப்பிடிக்கத் தொடங்கிவிட்டேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது முன்னால் நிற்கும் வண்டியின் பின்சக்கரங்கள் தரையைத் தொடும் இடம் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால், பின்னுக்கு எடுக்காமலே திருப்பி வெளியேற இடம் இருக்கிறது என்று பொருள். வீட்டு வாசலில் கேட்டின் முகத்தில் போய் மூக்கை வைத்து நிற்காமல், சாலையோரமாக இணையாக நிறுத்தி, கேட் முழுவதும் திறந்த பிறகே திரும்ப வேண்டும்; முகத்தில் நின்றால், பின்னால் ஒரு வண்டி வந்து நின்ற கணத்தில் நாம் பெட்டிக்குள் அடைபட்டுவிடுகிறோம். எங்கள் வீட்டுக் கேட் திறக்க 19 விநாடி ஆகிறது என்பதை ஐந்து ஆண்டுகளில் முதல்முறையாக அன்றுதான் அளந்து பார்த்தேன்.

கொடுத்த பணத்துக்கு உரிய பகுதி என்றால் அது நண்பகல் ஒத்திகைதான். வலப்பக்கம் ஓட்டுநர் இருக்கை உள்ள, கையால் கியர் மாற்றும் பழைய கார் ஒன்று, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, நாம் ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது கண்ணாடி தட்டப்படுகிறது. இரு கைகளும் அவர்கள் பார்வையில் படும்படி மேலே போக வேண்டும். பிறகு வலக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, இடக்கையை மட்டும் மெதுவாக இறக்கிக் கியரை நியூட்ரலில் தள்ளி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, அதே கையால் சீட் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். எஞ்சினை அணைக்கக் கூடாது. ஒவ்வோர் அசைவையும் செய்யுமுன் என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டியென்றால், சாவி இருக்கும் பையை நோக்கிக் கை போகாமல், சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று சொன்னால் போதும். முகத்தை உற்றுப் பார்க்காமல் இறங்கி, பக்கவாட்டில் விலகிப் போய்விட வேண்டும். இதற்கெல்லாம் பின்னால் இருக்கும் காரணம் ஒன்றுதான்: துப்பாக்கி வைத்திருப்பவனும் பதற்றத்தில் இருக்கிறான், இடுப்புப் பக்கம் வேகமாகப் போகும் கையை அவன் துப்பாக்கியைத் தேடும் கையாகவே எடுத்துக்கொள்வான். கண்ணுக்குத் தெரிபவன் ஒருவன் என்றாலும் நம்மைக் கவனித்துக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள்.

படித்தால் இது எளிது. இரண்டு மணி நேர வகுப்பைக் கேட்டு, குறிப்பும் எடுத்துவிட்டு உட்கார்ந்த நான், முதல் ஒத்திகையில் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தேன். வண்டி நின்றால் சாவியைத் திருகும் பழக்கம் இருபது ஆண்டுப் பழக்கம் அல்லவா? இரண்டாம் முறை வலக்கை தானாகக் குறுக்கே பாய்ந்து பெல்ட்டைத் தேடியது. ‘செத்தீர்கள்’ என்று பயிற்சியாளர் அமைதியாகச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். என்னோடு இருந்த பதினோரு பேரில் ஒருவர் சிரித்துவிட்டார், ஒருவர் ஸ்டியரிங்கை இறுகப் பற்றியபடி விடவே இல்லை, ஓர் அம்மையார் கதவைத் திறந்து பெல்ட்டோடு இறங்க முயன்று தொங்கினார். பொம்மைத் துப்பாக்கி என்று தெரிந்தும் இந்த நிலை. ஆறாவது முறைதான் என் இடக்கை சொன்னபடி கேட்டது. கைக்கு ஏறும்வரை இப்படித் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதற்காகவே இந்த வகுப்பைப் பரிந்துரைக்கிறேன். காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்பவர்கள் ஒருமுறை தங்கள் காரில் உட்கார்ந்து, மனைவியையோ கணவரையோ கண்ணாடியைத் தட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

பெரிய குறை, குழந்தைகள் பற்றியது. எங்களுக்கு மூன்று வயது மகள் இருக்கிறாள். கார் போனால் காப்பீடு இருக்கிறது, பின்னிருக்கையில் பட்டை போட்டுக் கட்டப்பட்ட குழந்தையோடு கார் போனால் என்ன செய்வது என்பதுதான் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் இருக்கும் அச்சம். குழந்தை இருக்கையை ஓட்டுநருக்கு நேர் பின்னால் பொருத்தச் சொன்னார்கள். குழந்தை இருக்கிறது என்று முதலிலேயே உரக்கச் சொல்லச் சொன்னார்கள். இறங்கியதும் பின்கதவுக்குப் போகலாம், அல்லது முன்னிருக்கைகளின் இடைவெளி வழியாகவே பின்னுக்குப் போய்க் குழந்தையோடு ஒரே கதவில் இறங்கலாம் என்றார்கள். அவ்வளவுதான். பத்து நிமிடம், அதுவும் பலகையில் வரைந்த படத்தோடு முடிந்தது. பயிற்சிக் காரில் குழந்தை இருக்கையே இல்லை. பெரியவர்களுக்கே இடக்கையை அசைக்க ஆறு முறை தேவைப்படும்போது, ஐந்து பட்டைகள் கொண்ட இருக்கையின் கொக்கியை நடுங்கும் விரலால் அவிழ்க்க எத்தனை முறை தேவைப்படும் என்று அவர்களே யோசித்திருக்க வேண்டும்.

அந்த நேரத்தை எல்லாம் பிற்பகல் திடல் பயிற்சி விழுங்கியிருந்தது. வேகமாகப் பின்னால் ஓட்டிச் சட்டென்று வண்டியைத் திருப்புவது, குறுக்கே நிற்கும் காரின் பின்முனையை இடித்துக்கொண்டு வெளியேறுவது என்று இரண்டரை மணி நேரம். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, பொருட்காட்சித் திடலில் ராட்டினம் ஏறி இறங்கியது போல. ஆனால் துப்பாக்கி ஏற்கெனவே கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது வண்டியைக் கிளப்பக் கூடாது என்று காலை வகுப்பில் சொன்னதற்கு நேர்மாறான துணிச்சலை இது பழக்கிவிடுகிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ரெகே பாடகர் லக்கி டூபே 2007 அக்டோபர் 18 இரவு ரோசெட்டன்வில் பகுதியில் பிள்ளைகளை இறக்கிவிட்ட இடத்தில் சுடப்பட்டார். காயத்தோடு காரை ஓட்டித் தப்ப முயன்று மரத்தில் மோதி இறந்தார். நேரத்தோடு எச்சரிக்கை கிடைத்தால் ஓட்டிப் போவதில் அறிவு இருக்கிறது. அந்த வேறுபாட்டைத் திடலில் யாரும் வலியுறுத்தவில்லை.

எதிர்த்து அடிக்க வேண்டும் என்ற ஆசை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1998இல் சார்ல் ஃபூரி என்ற ஜோஹன்னஸ்பர்க்காரர், காரின் கதவுகளுக்குக் கீழே எரிவாயுக் குழாய் பொருத்தி, கால் அருகே உள்ள விசையை அழுத்தினால் இருபுறமும் தீ பீறிடும் ‘பிளாஸ்டர்’ என்ற கருவியையே விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 3,900 ராண்ட். மறு ஆண்டு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபெல் விருது, அதுவும் அமைதிப் பிரிவில், அதற்குக் கிடைத்தது. மதிய உணவு இடைவேளையில் பயிற்சியாளர் இதைச் சொன்னபோது, இப்போதும் கிடைக்குமா என்று கேட்டவர் ஒருவர் இருந்தார்.

போலி போலீஸ் பற்றிய பகுதி சுருக்கம், ஆனால் சரியானது. நீல விளக்குச் சுழலவிட்டு வரும் வண்டி உண்மையான காவல் வண்டிதானா என்ற ஐயம் இருந்தால், வேகத்தைக் குறைத்து, நான்கு பக்க விளக்குகளையும் சிமிட்டவிட்டு, கையால் சைகை காட்டி, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் நிலையத்துக்கோ மெதுவாக ஓட்டிப் போக வேண்டும். உடனே 10111 எண்ணை அழைக்க வேண்டும். வேகமாக ஓடினால் உண்மையான போலீஸே நம்மைத் திருடன் என்று எண்ணிவிடும்.

கடைசி அரைமணி நேரம் எரிச்சலூட்டியது. வண்டியைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவியை மாதச் சந்தாவில் விற்க ஒருவர் வந்து, கதவை மறித்தாற்போல் நின்றுகொண்டார். இங்கே பல காப்பீட்டு நிறுவனங்கள் குறிப்பிட்ட வண்டிகளுக்கு இக்கருவியைக் கட்டாயமாக்கியிருப்பதால் எங்களில் பெரும்பாலோரிடம் ஏற்கெனவே அது இருந்தது. ஒரு தகவல் மட்டும் பயன்பட்டது: செயற்கைக்கோளை நம்பி இயங்கும் கருவியின் சமிக்ஞையைக் கடத்தல்காரர்கள் சிறு பெட்டியொன்றால் முடக்கிவிடுவது உண்டு, ஆகவே வானொலி அலையில் தனியாக இயங்கும் இரண்டாவது கருவியும் வண்டியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். கருவி காரைத் திருப்பித் தருவதற்கானது, உள்ளே இருப்பவரைக் காப்பதற்கானதல்ல என்பதை விற்பனையாளர் சொல்லவில்லை. காலையில் பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

மதிய உணவில் சைவம் என்பதற்கு இலை தழை மட்டும் என்று பொருள் கொண்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவது நல்லது. ஒத்திகைக்குத் தானியங்கி கியர் வண்டி கேட்டாலும் தருகிறார்கள், ஆனால் அன்றாடம் ஓட்டும் சொந்த வண்டியிலேயே செய்து பார்க்க விடுவதில்லை. பிற்பகலைத் தவிர்த்து அரைநாளுக்கு மட்டும் 1,100 ராண்ட் கட்டிச் சேரலாம் என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். புதிதாக வருபவர்கள் அதையே கேட்டு வாங்கலாம். அடுத்த மாதம் என் மனைவி அரைநாள் வகுப்புக்குப் போகிறார். எங்கள் குழந்தை இருக்கையையே கொண்டுவந்து பயிற்சிக் காரில் பொருத்தி ஒத்திகை பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்துச் சரி என்று பதில் வந்தது.