வீட்டில் தண்ணீரைக் காய்ச்சி வடித்துக் குடிப்பது நடைமுறைக்கு ஒத்துவருமா? டிஸ்டில்லர் பயன்பாட்டு அனுபவம்

சென்னையின் தெற்குப் புறநகரில் போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் மாற்றி மாற்றி நம்பியிருக்கும் வீடு எங்களுடையது. போர் தண்ணீரின் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த) அளவு கோடையில் லிட்டருக்கு 1,500 மில்லிகிராமை ஒட்டி நிற்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, இதில் 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. நீரைச் சவ்வின் வழியே அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரின் அளவு உறுத்தியதால், சில ஆண்டுகளுக்கு முன் மேசைமேல் வைக்கும் 4 லிட்டர் டிஸ்டில்லர் ஒன்றை, அதாவது நீரைக் கொதிக்கவைத்து அதன் ஆவியைக் குளிரவைத்து மீண்டும் நீராக்கும் கருவியை, வாங்கினோம். அது இன்றும் நன்றாக ஓடுகிறது என்றாலும், அதற்கு நாங்கள் கொடுக்கும் வேலை இப்போது வேறு.

தூய்மையைப் பொறுத்தவரை இந்தக் கருவியைக் குறை சொல்ல இடமில்லை. உள்ளே ஊற்றுவது எப்படிப்பட்ட உப்புத் தண்ணீராக இருந்தாலும், வடிந்து வரும் நீரில் டி.டி.எஸ். மீட்டர் ஒற்றை இலக்கத்தைத் தாண்டியதில்லை. ஆர்.ஓ. சவ்வு நாளடைவில் தேயத் தேய அதன் வடிகட்டும் திறனும் குறைந்துகொண்டே போகும். ஆவிக்கு அப்படித் தேய்மானம் கிடையாது. வெறுமனே காய்ச்சி ஆறவைத்த நீருக்கும் வடித்த நீருக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். காய்ச்சினால் கிருமிகள் சாகும். ஆனால் ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக் போன்றவை அப்படியே இருப்பதோடு, நீர் ஆவியாகிச் சுண்டும் அளவுக்குச் செறிவும் கூடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளைப் போல ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடிப்பவர்களுக்கு, காய்ச்சுவது பாதுகாப்பு என்ற நம்பிக்கை பாதிதான் சரி. வடித்தால் அவை பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடும்.

விதிவிலக்கு, எளிதில் ஆவியாகும் வேதிப்பொருட்கள். குளோரின் கலந்த நீரில் உண்டாகக்கூடிய குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே கொதித்து நீராவியோடு சேர்ந்து வந்துவிடும். அதனால்தான் நீர் விழும் வாயில் ஒரு சிறு கரிப் பொட்டலத்தை வைக்கிறார்கள். அதைக் காலத்தில் மாற்றாமல் விட்டுவிட்டு, வடித்த நீரில் வாடை அடிக்கிறது என்று கருவியைக் குறை சொல்வோர் உண்டு.

இனி மின்சாரத்துக்கு வருவோம்; இந்தக் கருவியின் தலைவிதியைத் தீர்மானிப்பது அதுதான். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோஜூல் போதும். ஆனால் கொதிக்கும் அந்த நீரை முழுவதும் ஆவியாக்க மேலும் 2,250 கிலோஜூல் தேவை. இரண்டையும் கூட்டினால் லிட்டருக்கு 0.7 யூனிட். இது இயற்கை விதித்த கணக்கு. நட்சத்திரக் குறி ஒட்டிய எந்தக் கருவியும் வெறுமனே கொதிக்கவைத்துக் குளிரவைக்கும் வரை இதற்குக் கீழே இறங்க முடியாது. எங்கள் 750 வாட் கருவியில் இதர இழப்புகளும் சேர்ந்து லிட்டருக்கு 0.8 யூனிட் ஆகிறது. ஒரு முறை வடித்து முடிய நான்கு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கிறது. குடும்பத்தின் குடிநீருக்காக நாள்தோறும் இரண்டு முறை ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கில் ஏறத்தாழ 400 யூனிட் சேரும். மாநில அரசு தரும் 100 யூனிட் இலவசம் அதன் கால் பங்குக்குத்தான் காணும். மீதி, வீட்டின் மொத்தப் பயன்பாட்டை விலை கூடிய படிநிலைக்குத் தள்ளிவிடும். ஆர்.ஓ. கருவியோ ஒரு லிட்டருக்கு யூனிட்டில் நூறில் ஒரு பங்கைக்கூட எடுப்பதில்லை.

செலவிட்ட வெப்பம் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. நீராவி குளிர்ந்து நீராகும்போது தான் வாங்கிய வெப்பம் அனைத்தையும் திருப்பித் தருகிறது. கருவியின் மின்விசிறி அதை அப்படியே சமையலறைக்குள் ஊதிவிடுகிறது. மே மாதத்தில் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் தோசை சுட வேண்டும் என்பது கொடுமை. நாங்கள் கருவியைப் பின்பக்க பால்கனிக்கு மாற்றியதற்கு அந்த மின்விசிறியின் இரைச்சலும் ஒரு காரணம். வளைகுடா நாடுகளில் கடல்நீரை வடித்துக் குடிநீராக்கும் பெரிய ஆலைகள் கட்டுப்படியாவது, ஒரு கட்டத்தில் வெளிவிடப்படும் வெப்பத்தை அடுத்த கட்டத்துக்கு வரும் நீரைச் சூடாக்கப் பயன்படுத்துவதாலும், பக்கத்து மின்நிலையத்தின் நீராவியை வாங்கிக்கொள்வதாலும்தான். சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் லட்சத்தீவின் கவரத்தியில் நிறுவிய ஆலை, தண்ணீரைச் சூடாக்குவதே இல்லை: வெதுவெதுப்பான மேற்பரப்புக் கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலின் குளிர்ந்த நீரால் அதைக் குளிர்விக்கிறது. வெப்பம் இலவசமாகவோ மலிவாகவோ கிடைத்தால் வடித்தல் அருமையான முறை. மின்மீட்டருக்குக் கீழே அது ஆடம்பரம். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உள்ள கடல்நீர் ஆலைகள் ஆர்.ஓ. முறையில் இயங்குவதும் ஆற்றல் கணக்குக்குப் பொருந்தியே இருக்கிறது.

பராமரிப்பு அலுப்பூட்டும் வேலை. எங்கள் தண்ணீரில் ஒவ்வொரு முறையும் ஐந்து கிராமுக்குக் குறையாத உப்புப் படிவு அடியில் ஒட்டிக்கொள்கிறது. எலுமிச்சை உப்பைக் கரைத்துக் கொதிக்கவிட்டால் சுண்ணாம்புப் படிவு நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். ஜிப்சம், சிலிக்கா படிவுகள் அமிலத்துக்கு அவ்வளவாக அசைவதில்லை. இரண்டு மூன்று முறைக்கு ஒரு தடவையாவது கழுவாமல் விட்டால் படிவு கல்லாக இறுகி, வடிக்கும் நேரத்தையும் நீட்டிவிடும்.

சுவை சப்பென்றிருக்கும்; பழகிவிடும் என்பார்கள், எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கடைசிவரை பழகவில்லை. தாது உப்பு இல்லாததைப் பற்றிய அச்சத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் நமக்குப் பெருமளவில் தருவது உணவுதான். ஆனால் உணவே சரியாக அமையாதவருக்கு அந்த இழப்பு பொருட்படுத்தத்தக்கது. ஒரே ஒரு இன்ப அதிர்ச்சி, போர் தண்ணீரில் எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்று நிற்கும் துவரம் பருப்பு இதில் குழைந்து வெந்ததுதான். அதற்காக யூனிட் கணக்கில் மின்சாரத்தைச் செலவழிப்பது வீண் என்று வீட்டில் ஒருமனதாக முடிவாயிற்று. வடித்த நீரில் குளோரின் எச்சம் இராது என்பதால், சேமிக்கும் பாத்திரம் சுத்தமாக இல்லாவிட்டால் கிருமி மீண்டும் சேரும். உலோகத்தை மெல்ல அரிக்கும் தன்மையும் அதற்கு உண்டு. கண்ணாடியோ நல்ல எவர்சில்வரோதான் ஏற்றது.

இப்போது குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. நீரையே பயன்படுத்துகிறோம், அதன் கழிவுநீர் வாளியில் சேர்ந்து தரை துடைக்கப் போகிறது. டிஸ்டில்லரை வாரத்துக்கு ஒரு முறை ஓட்டினால், தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்காக வீட்டில் ஒருவர் பயன்படுத்தும் சிபாப் கருவியின் ஈரப்பதத் தொட்டிக்கும் நீராவி இஸ்திரிப் பெட்டிக்கும் போதுமான நீர் கிடைத்துவிடுகிறது. இத்தகைய சிறு தேவைக்கு வாங்க நினைப்பவர்கள், நீராவி படும் மூடியின் உட்புறமும் சுருள் குழாயும் பிளாஸ்டிக்காக இல்லாமல் எவர்சில்வராக இருக்கின்றனவா, நீர் வற்றியதும் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படுகிறதா, கரிப் பொட்டலம் உள்ளூரில் தனியாகக் கிடைக்கிறதா என்ற மூன்றையும் கடையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.