மரத்தைத் துளைப்பது எது? பூச்சியைத் தேடுவதா, தூளைச் சோதிப்பதா?

எங்கள் வீட்டு ரப்பர் மரக் கட்டிலுக்கு அடியில் வெளிர்மஞ்சள் தூள் குவியத் தொடங்கியபோது, துளைப்பது எது என்று அறிய இரண்டு வழிகள் இருந்தன: பூச்சியையே பிடித்துப் பார்ப்பது, அல்லது அது தள்ளிய தூளைச் சோதிப்பது. நான் தூளையே நம்பினேன். பிறருக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

பூச்சி முழுதாகக் கிடைத்தால் அதைவிட வலுவான சான்று இல்லைதான். ஆனால் மரத்தைத் தின்னும் புழு உள்ளேயே இருக்கிறது. ஜன்னல் விளிம்பில் செத்துக் கிடக்கும் செம்பழுப்பு வண்டு கட்டிலிலிருந்து வந்ததா, சமையலறை மாவு டப்பாவிலிருந்து வந்ததா என்பதை வெறுங்கண்ணால் பிரிப்பது கடினம். இதில் எனக்குப் பழக்கம் குறைவு; ஐயம் இருந்தால் பூச்சியைச் சிறு குப்பியில் இட்டு, வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையில் காட்டுவதே நல்லது.

தூளைக் கறுப்புத் தாளில் ஏந்தி, விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். அது முகப்பவுடரைப் போல மென்மையாக விரலில் ஒட்டி, மரத்தில் 1 முதல் 2 மி.மீ. அகலமுள்ள வட்டத் துளைகளும் இருந்தால், பெரும்பாலும் லிக்டஸ் வகை வண்டாக இருக்கும். ஒட்டாமல் கசகசாவைப் போல உருண்டு நெருடி, லென்ஸில் ஒவ்வொரு மணியும் ஆறு பக்கங்களுடன் தெரிந்தால், அது உலர்மரக் கரையானின் எச்சம். சுவரில் மண்தடம் ஏறியிருந்தால் அது மண்ணிலிருந்து வரும் கரையான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

தூளுக்கு நான் இத்தனை இடம் கொடுப்பதற்குக் காரணம், சிகிச்சை முழுவதும் இந்த வேறுபாட்டையே சார்ந்திருப்பதுதான். லிக்டஸுக்கு மாவுச்சத்துள்ள மரம் வேண்டும். ரப்பர் மரத்தையும் வைரம் பாயாத பகுதிகளையும் அரிக்குமே தவிர, தேக்கின் வைரத்தைத் தொடாது. எனவே அந்த ஒரு கட்டிலைக் கவனித்தால் பெரும்பாலும் போதும். உலர்மரக் கரையானோ கட்டிலோடு நிற்காமல், நிலை, கதவு, அலமாரி என்று பரவக்கூடியது. அதற்கு மண்ணின் ஈரமும் தேவையில்லை. ஆகவே தரையில் துளையிட்டு மருந்து செலுத்தும் வழக்கமான கரையான் சிகிச்சை இவ்விரண்டில் எதற்குமே பயன்படாது.

தூளிலும் ஒரு குறை உண்டு: கட்டிலை நகர்த்தினால் பழைய துளையிலிருந்தும் அது கொட்டும். அதனால் தரையைத் துடைத்து, இருக்கும் துளைகளைப் பென்சிலால் வட்டமிட்டு, அடியில் தாள் விரித்து, சில வாரங்கள் கட்டிலை அசைக்காமல் விடுங்கள். தாளில் புதுத் தூளோ, வட்டமிடாத துளையோ தென்பட்டால், மருந்திடும் ஆளை அந்தத் தாளோடு அணுகலாம்.