கொன்சோ வாகாவா, கென்யா விகாங்கோவா?

ரெண்டுமே இறந்தவங்களுக்காக மரத்துல செதுக்கி நட்டு வைக்கிறதுதான், ஆனா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ரெண்டும் சுத்தமா வேற வேற.

தெற்கு எத்தியோப்பியால கொன்சோ மக்கள் வைக்கிற வாகா ஒத்தச் சிலை இல்ல, ஒரு குரூப் போட்டோ மாதிரி வரிசையா நிக்கும். நடுவுல அந்த வீரன், ரெண்டு பக்கமும் அவனோட மனைவிங்க, அப்புறம் அவன் கொன்ன எதிரிங்க, சிறுத்தையை வேட்டையாடியிருந்தா அதுவும் கூடவே நிக்கும். நெத்தியில துருத்திட்டு இருக்கற கல்லாச்சாங்கற ஆண்குறி வடிவ ஆபரணம், எலும்புல செஞ்சு பதிச்ச பல்லு, வெறிச்சுப் பாக்கற கண்ணு, இதெல்லாம் பாத்தாலே இவன் யாரு என்ன பண்ணான்னு முழுக் கதையும் தெரிஞ்சுடும்.

கென்யா கடலோரத்து மிஜிகெண்டா மக்களோட விகாங்கோ நேர் எதிர். ஒரு நீளமான பலகை, மேல தலை, உடம்பு முழுக்க குட்டிக் குட்டி முக்கோணமா செதுக்கல், அவ்ளோதான். கோஹூங்கற சங்கத்துல இருந்தவங்களுக்குத்தான் இதை வைப்பாங்க.

செதுக்கல் அழகுன்னு கேட்டா விகாங்கோதான், ஆனா மனச உலுக்கறது வாகாதாங்க, என் ஓட்டு அதுக்குத்தான்.

திருட்டுல மட்டும் ரெண்டுக்கும் ஒரே கதி. விகாங்கோ அமெரிக்கா மியூசியம் வரைக்கும் போய், டென்வர்ல இருந்த 30 திரும்பி வந்துச்சு. கொன்சோல திருடு போய் மீட்ட வாகாக்கள காரட் ஊர் மியூசியத்துல வச்சிருக்காங்க. 2011ல யுனெஸ்கோ கொன்சோ நிலப்பரப்பையே உலகப் பாரம்பரியமா அறிவிச்சும், புதுசா வாகா செதுக்கி வைக்கற வழக்கம் கிட்டத்தட்ட நின்னே போச்சுங்கறதுதான் ரொம்ப வலிக்குது.