இம்பாக்ட் டிரில்லா, ரோட்டரி ஹேமரா? வீடு புதுப்பிக்க எதில் காசு போடலாம்

வீட்டைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் வாங்கும் முதல் மெஷின் பெரும்பாலும் டிரில்தான். கடைக்காரர் இரண்டை எடுத்து வைப்பார். ஒன்று 13 மி.மீ. இம்பாக்ட் டிரில், ஏறக்குறைய 2,500 முதல் 3,500 ரூபாய்க்குள். இன்னொன்று 26 மி.மீ. ரோட்டரி ஹேமர். எலக்ட்ரீஷியன்கள் சும்மா 'ஹேமர் மெஷின்' என்பார்கள். பெயருள்ள கம்பெனி என்றால் பெரும்பாலும் 8,000 முதல் 11,000 வரை போகும். இரண்டுமே சுவரில் ஓட்டைதானே போடுகிறது என்று பாதிப் பேர் விலை குறைந்ததைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

என் ஓட்டு ரோட்டரி ஹேமருக்கு. ஆனால் உங்கள் வீட்டுச் சுவர் எது என்பதைப் பொறுத்து அந்த ஓட்டு மாறவும் செய்யும்.

செங்கல் சுவர், மேலே அரை இன்ச் பூச்சு. பழைய தனி வீடுகள் பெரும்பாலும் இதுதான். இதில் 6, 8 மி.மீ. ஓட்டைக்கு இம்பாக்ட் டிரில் தாராளம். வெள்ளையாக, லேசாக இருக்கும் ஏஏசி பிளாக் என்றால் ஹேமர் மோடையே, அதாவது அடித்தபடி துளைப்பதையே, தொடக் கூடாது; சும்மா சுற்றவிட்டாலே பிட் (துளைக்கும் அலகு) இறங்கிவிடும், அடிக்கவிட்டால் ஓட்டை பெருத்து, ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் நிற்காது. வில்லங்கம் காங்கிரீட்டில். 'என் வீடு செங்கல் வீடு, காங்கிரீட் எங்கே வரப்போகிறது' என்பவர்கள் கர்ட்டன் ராடை மறந்துவிடுகிறார்கள். அது ஜன்னலுக்கு மேலே வருகிறது. அங்கே பூச்சுக்குப் பின்னால் இருப்பது லின்டல், அதாவது காங்கிரீட் உத்தரம். ஃபால்ஸ் சீலிங், ஊஞ்சல் கொக்கி எல்லாம் தளத்தில். சென்னைப் பக்கம் அலுமினியம் ஷட்டரிங் போட்டு வார்த்த 'மைவான்' அடுக்குமாடி என்றால் சுவரே முழுக்கக் காங்கிரீட்தான். அங்கே இம்பாக்ட் டிரில்லோடு போவது நேர விரயம்.

இரண்டும் அடிக்கும் விதமே வேறு. இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் இருக்கும். ஒன்றின் பல் மேல் இன்னொன்று ஏறி இறங்கும்போது பிட் முன்னும் பின்னும் துடிக்கிறது. நிமிடத்துக்கு 40,000 அடிக்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கும். எண்ணிக்கைதான் பெரிது, ஒவ்வொரு அடியிலும் வலு கிடையாது. அந்த அடியும் நாம் தோள் கொடுத்து அழுத்துகிற அளவுக்குத்தான் வரும். ரோட்டரி ஹேமரில் மோட்டார் ஒரு பிஸ்டனை ஓட்டுகிறது. பிஸ்டனுக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவில் காற்று. அமுங்கிய காற்று ஸ்ட்ரைக்கரைத் தள்ள, அது பிட்டின் பின்பக்கம் போய் அடிக்கிறது. பாஷ் ஜிபிஎச் 2-26 டிஆர்இ என்றால் நிமிடத்துக்கு 4,000 அடி, ஒவ்வொரு அடியின் வலுவும் 2.7 ஜூல். மகிட்டா எச்ஆர்2470 என்றால் 4,500 அடி, 2.4 ஜூல். இதில் அழுத்துவதற்கு வேலையே இல்லை. பிட் துள்ளாமல் இருக்கும் அளவு பிடித்தால் போதும். பழக்க தோஷத்தில் உடம்பைச் சாய்த்து அழுத்தினால் ஓட்டை வேகமாக இறங்காது, மெஷின்தான் சூடாகும்.

இம்பாக்ட் டிரில்லைக் காங்கிரீட்டில் வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? முதல் ஒரு சென்டிமீட்டர் போகும். அப்புறம் ஜல்லி ஒன்றில் முட்டி நிற்கும். அழுத்த அழுத்த முனை சூடேறி நீலம் பாயும், கார்பைடு முனையைப் பிடித்திருக்கும் பற்றவைப்பு விட்டுப்போகும். அந்தச் சூட்டில் தண்ணீரில் முக்கினால் கார்பைடு விரிசல் விடும். இதற்கிடையே அதிர்வில், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் தளர்ந்து, உருண்டைத் தண்டுள்ள பிட் உள்ளுக்குள்ளேயே வழுக்கிச் சுற்றும். சாவியைத் தேடி மறுபடி இறுக்க வேண்டும். ரோட்டரி ஹேமரில் மாட்டும் எஸ்டிஎஸ் பிளஸ் பிட்டில் இந்தத் தொல்லையே இல்லை. 10 மி.மீ. தண்டில் காடி வெட்டியிருக்கும். தள்ளிச் சற்றுத் திருப்பினால் மாட்டிக்கொள்ளும், காலரை இழுத்தால் கழன்றுவரும்.

காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் பிட் மாட்டும்போதுதான் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் மணிக்கட்டுக்குத் தெரியும். ரோட்டரி ஹேமரில் கிளட்ச் உண்டு. பிட் சிக்கினால் 'டர்ர்' என்று வழுக்கிவிடும். விலை குறைந்த இம்பாக்ட் டிரில்களில் பெரும்பாலும் அது இல்லை, பிட் நின்றால் மெஷினின் உடம்பு சுற்றும். எதுவானாலும் பக்கக் கைப்பிடி இல்லாமல் ஓட்டாதீர்கள். காங்கிரீட் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 456 விதிப்படி தூணில் கம்பிக்கு மேல் 40 மி.மீ., தளத்தில் குறைந்தது 20 மி.மீ. காங்கிரீட் மூடியிருக்க வேண்டும். ஆகவே தளத்தில் ஓர் இன்ச் இறங்கும்போதே கம்பியை எதிர்பார்க்கலாம். சத்தம் மாறி, தூள் வருவது நின்று, உலோகப் பொடி மின்னினால் அதுதான். முரண்டு பிடிக்காமல் நாலு விரற்கடை தள்ளி வேறு ஓட்டை போடுங்கள். தூணின் கம்பியை அறுப்பது எந்த அலமாரிக்காகவும் செய்யக் கூடாத வேலை.

எடை, சத்தம், தூசி பற்றி நீட்ட வேண்டியதில்லை. ரோட்டரி ஹேமர் ஒரு கிலோ கூடுதல், சத்தம் இரண்டிலும் உண்டு. இரண்டுக்குமே கண்ணாடியும் என்95 மாஸ்க்கும் வேண்டும், காங்கிரீட் தூளில் சிலிக்கா இருக்கிறது.

இனி பராமரிப்பு. என் கணக்கில் தீர்ப்பே இதில்தான்.

'ரோட்டரி ஹேமரில் உள்பாகம் அதிகம், கெட்டால் செலவு' என்று சொல்வார்கள். உள்பாகம் அதிகம் என்பது சரி. ஆனால் அதில் முதலில் தேய்கிறவை எல்லாம் சின்னச் சாமான்கள்: கார்பன் (மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு), ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், சக் வாயில் இருக்கும் ரப்பர் மூடி, கிரீஸ். இம்பாக்ட் டிரில்லில் தேய்வது அந்தப் பல் வட்டும் சக்கும். மாற்ற முடியும்தான், 3,000 ரூபாய் மெஷினில் ஸ்பிண்டில், கியர், சக், கூலி என்று கூட்டினால் பாதி விலை வந்துவிடும். யாரும் செய்வதில்லை. அதற்குப் பிறகு அது வெறும் டிரில்லாகக் காலம் தள்ளும்.

ரோட்டரி ஹேமரில் அடிக்கடி வரும் புகார் ஒன்று: 'சுத்துது, ஆனா அடிக்கல.' மோட்டார் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பிஸ்டனிலும் ஸ்ட்ரைக்கரிலும் உள்ள ஓ-ரிங் தேய்ந்தாலோ கெட்டிப்பட்டாலோ காற்று கசியும். காற்று அமுங்காவிட்டால் அடி ஏது? மெக்கானிக் முன்பக்கத்தைக் கழற்றி, பழைய கிரீஸை வழித்தெடுத்து, ரிங் மாற்றி, புது கிரீஸ் வைத்து மூடுவார். கிரீஸ் கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் போகக் கூடாது. அள்ளி அப்பினால் மெஷின் சூடாகும், அடியும் மந்தமாகும். சைக்கிள் கடை கிரீஸும் ஆகாது. ஹேமர் கிரீஸ் என்றே தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அந்த ஓ-ரிங் சீக்கிரம் சாகக் காரணம் சிமெண்ட் தூள். அது உள்ளே போகும் வழி சக். ஒவ்வொரு முறை பிட் மாட்டும்போதும் தண்டைத் துணியால் துடைத்து, அரை கிராம், அதாவது ஒரு சுண்டைக்காயில் பாதி அளவு கிரீஸ் தடவி மாட்டுங்கள். மேல்தளத்தில் போடும்போது தூள் நேராகச் சக்குக்குள்தான் கொட்டும். ஒரு பிளாஸ்டிக் கப்பின் அடியில் பிட்டைக் குத்தி நுழைத்து, வாய் மேலே பார்த்தபடி விட்டால் முக்கால்வாசித் தூள் அதிலேயே விழும். சக் வாயிலுள்ள ரப்பர் மூடி கிழிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். அதை விட்டுவிட்டு ஓ-ரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது கார்பன். ஐந்தாறு மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் ஜோடியாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. காற்றுத் துவாரம் வழியாகப் பார்த்தால் சின்னப் பொறி தெரிவது இயல்பு. கார்பன் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமே தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். தேய்ந்த கார்பனோடு ஓட்டினால் கம்யூட்டேட்டர் கீறி, செலவு மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரில் போய் நிற்கும். இந்த மெஷினில் உண்மையிலேயே விலை உயர்ந்த பாகம் அதுதான். ஆர்மேச்சரைக் கொல்லும் இன்னொன்று மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர். 800 வாட் மெஷின் மூன்றரை ஆம்பியர் இழுக்கும். 20 மீட்டர் நீளத்துக்கு 0.75 சதுர மி.மீ. ஒயர் போட்டால் முனையில் வோல்டேஜ் இறங்கிவிடும், 1.5 போடுங்கள், சுருளை முழுக்கப் பிரித்துவிட்டு ஓட்டுங்கள்.

இன்னும் இரண்டு. ஓடும்போது, சுற்றுவதா அடிப்பதா என்று மாற்றும் மோடு குமிழைத் திருப்பக் கூடாது, பல் பெயர்ந்துவிடும். உளியை வைத்து டைல்ஸை நெம்பக் கூடாது. பக்கவாட்டில் நெம்பினால் பிட்டைப் பிடிக்கும் குழல் அகன்று, பிறகு எந்த பிட்டும் ஆடும்.

உளி என்று சொன்னதும் விலை வித்தியாசம் பாதி நியாயமாகிவிடுகிறது. மூன்று மோடு உள்ள ரோட்டரி ஹேமரில் சுற்றாமல் அடிக்க மட்டும் விடலாம். பாத்ரூம் சுவர் டைல்ஸை 40 மி.மீ. அகல உளியால், ஏற்கெனவே ஓட்டை விழுந்த ஒரு டைலிலிருந்து தொடங்கி, முப்பது டிகிரி சாய்வில் பின்பக்கமாக எடுத்தால் பூச்சு அதிகம் பெயராமல் வரும். ஒயரிங் காடிக்குக் கட்டிங் மெஷினில் இரண்டு கோடு போட்டுவிட்டு நடுவில் இதே மெஷினை ஓட்டலாம். தரை டைல்ஸுக்கும் அதன் அடிக் காங்கிரீட்டுக்கும் இது போதாது. மணிக்கணக்கில் அடித்தால் வெந்துவிடும். அதற்குக் காங்கிரீட் உடைக்கும் பிரேக்கர் மெஷினை வாடகைக்கு எடுப்பதுதான் சரி. ஏசி பைப்புக்கு 65 மி.மீ. ஓட்டையும் செங்கல் சுவர் என்றால் கோர் கட்டர் மாட்டி இதிலேயே போடலாம். காங்கிரீட் என்றால் டைமண்ட் கோர் மெஷின் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.

இம்பாக்ட் டிரில் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. மரமும் இரும்பும் அதற்குத்தான். ரோட்டரி ஹேமரில் அடாப்டர் சக் போட்டு மரத்தில் ஓட்டலாம் என்பார்கள். அந்தச் சக்கில் ஒரு ஆட்டம் இருக்கும், கீலுக்கு 3 மி.மீ. ஓட்டை நேராக வராது. ஹாலோ பிளாக்கில் ஹேமர் அடி பின்தகட்டை உடைத்துவிடும். நாலரை இன்ச் சுவரில் அடுத்த அறைப் பூச்சு பெயரும். பழைய சுண்ணாம்புப் பூச்சிலும் அப்படித்தான். டைல்ஸில் ஓட்டை போட எந்த மெஷினானாலும் ஹேமரை அணைத்துவிட வேண்டும். சாதாரண செராமிக் சுவர் டைலுக்கு ஈட்டிமுனை பிட் போதும், விட்ரிஃபைடு என்றால் டைமண்ட் பிட்டும் தண்ணீரும். டைலைத் தாண்டிய பிறகு ஹேமரைப் போட்டுக்கொள்ளலாம். ஆக, மாடுலர் கிச்சன், கதவு வேலை அதிகம், சுவரெல்லாம் செங்கல் என்கிறவர் இம்பாக்ட்டே வாங்கட்டும். பத்துப் பதினைந்து ஓட்டைதான் மொத்தமே என்றால் எதுவும் வாங்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் ஒரு மணி நேர வேலை.

பேட்டரி ஹேமர்? ஏணியில் நின்று வேலை செய்ய அருமை. பிரஷ்லெஸ் என்றால் கார்பன் கவலையும் இல்லை. ஆனால் பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்தால் விலை எங்கேயோ போகிறது, ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றில் மாட்டாது. நம் ஊர் வெயிலில் ஐந்தாறு வருடம் தாண்டி அந்தப் பேட்டரிகள் எப்படி நிற்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. வீட்டு வேலைக்கு இப்போதைக்கு ஒயர் மெஷினையே சொல்வேன்.

3,000, 4,000 ரூபாய்க்கு 26 மி.மீ. லோக்கல் ஹேமரும் கிடைக்கிறது. அடி பரவாயில்லாமல் அடிக்கும். பாகங்களும் மலிவாகக் கிடைக்கும். பேரிங்கும் ஆர்மேச்சர் சுற்றும்தான் ஒன்று போல ஒன்று இருப்பதில்லை. விற்கும்போது அதற்கு விலையே கிடையாது. கம்பெனி மெஷினைப் பழையதாகக் கொடுத்தாலும் கேட்டு வாங்க ஆள் இருக்கிறது. பழைய கம்பெனி மெஷின் வாங்குகிறவர்கள் பிட்டை மாட்டிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் லொடலொடப்பு சகஜம். காலர் திரும்பி வராமல் மாட்டிக்கொண்டாலோ, காங்கிரீட்டில் வைத்தும் அடி தொடங்கத் தாமதித்தாலோ விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பிட் வாங்கும்போது 6, 8, 10 மி.மீ.யில் 160 நீளம் போதும்; காங்கிரீட்டுக்கு நாலு முனை பிட் கொஞ்சம் விலை கூடினாலும் கம்பியில் உரசும்போது தாங்கும். கேபிள் விடச் சுவரைத் துளைத்துப் போக 12 மி.மீ. ஒன்று வேண்டும். இதில் பலர் 310 மி.மீ. பிட் வாங்கிவிட்டு முழிக்கிறார்கள்: அதன் வேலை நீளம் 250 தான், 9 இன்ச் சுவர் இருபக்கப் பூச்சோடு 255-க்கு மேல் போகும். 460 நீளம் கேட்டு வாங்குங்கள். கடைசி ஓர் இன்ச்சில் ஹேமரை அணைத்துச் சுற்ற மட்டும் விட்டால் வெளிப்பக்கப் பூச்சு தட்டுத் தட்டாகப் பெயராது.